ஃபார்மல் ஹால்: கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி இரவு விருந்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம்பிரிட்ஜுக்கோ ஆக்ஸ்ஃபோர்டுக்கோ படிக்க வரும் நம் பிள்ளைகள் விசா, வாடகை, குளிர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் தயங்கிக் கேட்பது இந்த விருந்தைப் பற்றித்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் அதே சந்தேகங்கள் வருவதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எனக்கு அதிகம் பழக்கம் கேம்பிரிட்ஜ். ஆக்ஸ்ஃபோர்டில் மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன்.

ஃபார்மல் ஹால்னா என்ன? தினம் சாப்பிடுற கான்டீன் சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கல்லூரியின் பெரிய உணவுக்கூடத்தைத்தான் ஹால் என்கிறார்கள். மதியம் அதே கூடத்தில் தட்டை ஏந்தி வரிசையில் நின்று, வேண்டியதை வாங்கி, பணம் கட்டிச் சாப்பிடுவீர்கள். ஃபார்மல் அன்று இரவு அதே மேசைகளில் மெழுகுவத்தி ஏற்றி, தட்டும் கிண்ணமும் அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் உட்கார்ந்தபடியே இருக்க, மூன்று சுற்றாகச் சாப்பாடு வரும். முதலில் சூப்போ சின்னதாக ஒரு பதார்த்தமோ, அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு.

பல கல்லூரிகளில் கறுப்பு அங்கி, அதாவது கவுன், போட்டுக்கொண்டு போக வேண்டும். சாப்பிடத் தொடங்கும் முன் லத்தீனில் ஒரு பிரார்த்தனை உண்டு. கல்லூரியின் ஃபெலோக்கள், அதாவது பேராசிரியர்களும் மூத்த ஆய்வாளர்களும், கூடத்தின் ஒரு கோடியில் குறுக்காகப் போட்ட மேசையில் அமர்வார்கள். பெரும்பாலும் அது ஒரு படி உயரத்தில் இருக்கும். அதுதான் ஹை டேபிள். மாணவர்கள் கீழே நீளவாட்டில் போட்ட மேசைகளில். வாரத்தில் எத்தனை நாள் நடக்கும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் ஏறக்குறைய தினமும், சில இடங்களில் வாரம் ஒன்றோ இரண்டோ.

இதை யார், எதுக்கு ஆரம்பிச்சாங்க?

ஒரு தனி ஆள் ஆரம்பித்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி 1264-ல், கேம்பிரிட்ஜின் பீட்டர்ஹவுஸ் 1284-ல் நிறுவப்பட்டவை. அந்தக் காலக் கல்லூரி என்பது கிட்டத்தட்ட மடம் போலத்தான். உள்ளே வசிப்பவர்கள் ஒன்றாகத் தொழ வேண்டும், ஒன்றாக உண்ண வேண்டும். இடைக்காலத்தில் இந்த 'டின்னர்' முற்பகலிலேயே நடந்தது. நூற்றாண்டுகள் போகப்போக நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்து இரவில் நின்றிருக்கிறது. வாரத்தில் இத்தனை இரவு கூடத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் வெகுகாலம் இருந்தது.

லண்டனில் வக்கீல் படிப்புக்கும் அந்தக் காலத்தில் இதே கதைதான். பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, இன்ஸ் ஆஃப் கோர்ட் என்ற வக்கீல் சங்கங்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்து சாப்பிட்டிருந்தால்தான் பாரிஸ்டர் ஆக முடிந்தது. 1891-ல் பாரிஸ்டரான காந்தி இதைத் தன்வரலாற்றில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் என்று கணக்கு. இவர் தொடமாட்டார் என்பதால், மிச்சம் மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஆளாளுக்கு இவரைத் தங்கள் மேசைக்கு இழுப்பார்களாம்.

கண்டிப்பா போகணுமா? போகலைன்னா மார்க் கிர்க் குறையுமா?

ஒன்றும் குறையாது. இப்போது முழுக்க உங்கள் விருப்பம். ஒரே ஒரு தடவை மட்டும் தவறவிடாதீர்கள் என்பேன்: முதல் பருவத்தில், அக்டோபரில் வரும் மெட்ரிகுலேஷன் விருந்து, அதாவது புதிதாகச் சேர்ந்தவர்களை முறைப்படி வரவேற்கும் விருந்து. உங்களோடு சேர்ந்த எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காரும் இரவு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பருவத்துக்கு ஒன்றிரண்டு போதும் என்பது என் கருத்து. வாராவாரம் போகிறவர்களும் இருக்கிறார்கள். பர்ஸும் வயிறும் தாங்கினால் போகட்டும்.

எவ்வளவு செலவாகும்? டிக்கெட் எப்படி எடுக்கிறது?

சொந்தக் கல்லூரியில் என்றால் பெரும்பாலும் 10 முதல் 25 பவுண்டு வரை. விருந்தினருக்குக் கொஞ்சம் கூடுதல். கல்லூரி இணையதளத்தில் சில நாட்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் விருந்து, ஜனவரி 25-ஆம் தேதியை ஒட்டி வரும் ஸ்காட்லாந்துக் கவிஞர் பர்ன்ஸ் நினைவு விருந்து போன்றவை திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கேம்பிரிட்ஜில் பருவம் டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், கிறிஸ்துமஸ் விருந்தை நவம்பர் கடைசியிலேயே கொண்டாடிவிடுவார்கள். அதற்கு 'பிரிட்ஜ்மஸ்' என்று செல்லப்பெயர் வேறு. டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. பரிமாறுகிறவருக்கு வாயால் ஒரு நன்றி போதும். பல இடங்களில் பரிமாறுவது உங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

கவுன் வாங்கியே ஆகணுமா? ரொம்ப விலை சொல்றாங்களே?

முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் போன்ற சில கல்லூரிகளில் ஃபார்மலுக்குக் கவுன் தேவையில்லை. தேவைப்படும் இடத்திலும், படிப்பு முடித்துப் போகும் சீனியர்களிடம் பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். ஓர் இரவுக்கு மட்டும் என்றால் பக்கத்து அறைக்காரரிடம் இரவல் வாங்கினாலும் யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் எந்தக் கவுன் என்பதில் கவனம் வேண்டும். கேம்பிரிட்ஜ் இளநிலை மாணவர்களின் கவுன் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. டிரினிட்டிக்காரர்களுடையது கருநீலம். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு மேற்படிப்புக்கு வருபவர் 24 வயதுக்குள் என்றால் 'பி.ஏ. ஸ்டேட்டஸ்' கவுன், 24 ஆகிவிட்டால் 'எம்.ஏ. ஸ்டேட்டஸ்' கவுன். நம் ஊரிலிருந்து வருபவர்களில் நிறையப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் வருவீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் சாதாரண இளநிலை மாணவருக்குக் குட்டையான கை இல்லாத கவுன், ஸ்காலர்களுக்கு, அதாவது கல்லூரி உதவித்தொகை பெற்றவர்களுக்கு, நீளமானது, மேற்படிப்பு மாணவருக்கு வேறு ஒன்று.

கவுனுக்கு உள்ளே என்ன போடுறது? புடவை, வேட்டி பரவாயில்லையா?

தாராளமாக. ஆண்கள் கோட், டை. பெண்கள் அதற்கு ஈடான எதுவும். அழைப்பில் 'பிளாக் டை' (கறுப்பு டின்னர் சூட்) என்று இருந்தால்கூட, அவரவர் நாட்டு உடைக்குப் பொதுவாக இடம் உண்டு. பட்டுப்புடவை மேல் கறுப்புக் கவுன் நன்றாகவே இருக்கும். ஜனவரியில் வேட்டி கட்டுவது உங்கள் கால்களின் தைரியத்தைப் பொறுத்தது. ஒரே எச்சரிக்கை: கை உள்ள கவுன்களில் அந்தக் கை சூப்பில் நனையும், மெழுகுவத்திப் பக்கமும் போகும். முந்தானையும் அப்படித்தான், பின் குத்திக்கொள்ளுங்கள்.

நான் சுத்த சைவம். முட்டைகூட சாப்பிட மாட்டேன். அங்கே எனக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருவது. சைவம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு, ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையலறையால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை, சீஸ் இரண்டும் சேரும். சில சீஸ் வகைகளைக் கன்றின் இரைப்பைச் சாற்றை ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள். சில இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். ஆகவே முட்டையும் வேண்டாம் என்பவர்கள் 'வீகன்' என்று போட்டுவிடுவது உத்தமம். பால், தயிர் போய்விடும், ஆனால் நிம்மதி. மெட்ரிகுலேஷன் விருந்து பெரும்பாலும் புரட்டாசியில்தான் வந்து விழும். விரதம் இருக்கும் அசைவக்காரர்களும் இதையே செய்யலாம்.

ருசியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காளான் ரிசொட்டோ என்ற குழைந்த இத்தாலியச் சோறு, வறுத்த காலிஃபிளவர், கத்தரிக்காயில் ஏதோ ஒன்று, டிசம்பரில் பருப்புக் கொட்டைகளை அரைத்துச் சுட்ட நட் ரோஸ்ட். உப்பு, காரம் இரண்டும் குறைவு. கிளம்பும் முன் அறையில் இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

1914-ல் டிரினிட்டிக்கு வந்த ராமானுஜனுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. கூடத்துச் சாப்பாட்டைத் தவிர்த்து, தன் அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். அதே வருடம் போர் தொடங்கியதும் நம் சமையலுக்கான பொருட்கள் கிடைப்பதும் சிரமமாகிவிட்டது. 1918-ல் அவரையே டிரினிட்டி தன் ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது. ஃபெலோ என்றால் ஹை டேபிளில் இடம் உண்டு. ஆனால் அப்போது அவர் உடல்நிலை மிகவும் கெட்டிருந்தது, மறுவருடம் ஊர் திரும்பினார். கல்லூரியில் ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது கூடத்து மேசையில்தான். சாப்பாட்டுக் காரணத்தால் அவருக்கு அந்த மேசையே இல்லாமல் போனது என்பது என் வருத்தம். அதனால்தான் சைவக்காரர்களிடம், 'வீகன்' கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போய் உட்காருங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

ஹலால் கிடைக்குமா? ரமலான் நோன்பு சமயம் எப்படி?

சில கல்லூரிகளில் கேட்டால் ஹலால் இறைச்சி ஏற்பாடு செய்வார்கள், சிலவற்றில் இல்லை. இதையும் பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மீனோ சைவமோ. அந்தச் சைவத்திலும் சமையலில் ஒயின் ஊற்றுவது உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். நோன்பைப் பொறுத்தவரை, இப்போதைய வருடங்களில் ரமலான் பிப்ரவரி, மார்ச் பக்கம் வருவதால் விருந்து தொடங்கும் ஏழு, ஏழரைக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். நோன்பு திறந்துவிட்டே வந்து உட்காரலாம்.

நான் குடிக்க மாட்டேன். ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

இல்லை. குடிக்காத ஆங்கிலேய மாணவர்களே இப்போது ஏராளம். மேசையில் தண்ணீர் இருக்கும். பல கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயின் நீங்களே கொண்டுவரலாம் என்ற விதி உண்டு. அந்த இடத்தில் நீங்கள் எல்டர்ஃபிளவர் சாறு பாட்டிலைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விருந்துகளில் மன்னர் நலம் வாழ்க என்று எழுந்து கோப்பை உயர்த்துவார்கள். தண்ணீர்க் கோப்பையை உயர்த்தினாலும் செல்லும்.

உள்ளே போனதும் என்ன நடக்கும்? வரிசையா சொல்லுங்களேன்.

வாசலில் பெயரைச் சரிபார்ப்பார்கள். உள்ளே போய் உங்கள் இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மணியோ சேகண்டியோ சுத்தியலோ ஒலிக்கும். எல்லோரும் எழுந்து நிற்க, ஃபெலோக்கள் வரிசையாக நடந்து ஹை டேபிளுக்குப் போவார்கள். பிரார்த்தனை. அப்புறம் உட்காரலாம்.

அதற்கு முன் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடாதீர்கள். பசி எடுத்தாலும் பொறுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் தட்டு வந்த பிறகு தொடங்குவது மரியாதை. முடிவில் மறுபடி எழுந்து நிற்க வேண்டும், சில இடங்களில் இன்னொரு பிரார்த்தனையும் உண்டு. ஹை டேபிள் எழுந்து போன பிறகு நீங்கள் கிளம்பலாம்.

அந்த லத்தீன் பிரார்த்தனை கிறிஸ்தவப் பிரார்த்தனைதானே? நான் என்ன செய்யணும்?

ஆமாம், அதுதான். நீளமானவற்றில் இயேசு கிறிஸ்துவின் பெயரும் வரும். குட்டியானது இரண்டே வார்த்தை: 'பெனடிக்டஸ் பெனடிகாட்'. இறைவன் ஆசீர்வதிப்பாராக என்று பொருள். நீங்கள் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டாம், கை கூப்பவும் வேண்டாம். பேசாமல் நின்றால் போதும். நாத்திகர்களும் யூதர்களும் முஸ்லிம்களும் அங்கே அப்படித்தான் நிற்கிறார்கள். சொல்லப்போனால், கூடத்தில் பாதிப் பேருக்கு அந்த லத்தீன் புரியாது.

இத்தனை ஸ்பூனும் ஃபோர்க்கும் எதுக்கு? கையால சாப்பிட்டா தப்பா?

வெளியிலிருந்து உள்ளே என்பதுதான் மொத்த ரகசியமும். முதல் சுற்றுக்கு இரு கோடியிலும் இருப்பவை, அடுத்ததற்கு அடுத்தவை. இடப்பக்கச் சின்னத் தட்டு உங்கள் ரொட்டிக்கு, வலப்பக்கக் கோப்பைகள் உங்களுடையவை. இதை மாற்றி எடுத்தால் மேசை முழுக்க ஒரு இடம் தள்ளிப்போகும், எல்லோரும் சிரித்துக்கொண்டே சமாளிப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் ஃபோர்க்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டில் வைத்தால் எடுத்துப்போவார்கள். பிரித்து வைத்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

ரொட்டியை எல்லோரும் கையால்தான் பிய்த்துச் சாப்பிடுகிறார்கள். ரிசொட்டோவைப் பிசைந்து சாப்பிட்டால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆனால் பிசைகிற அளவுக்கு அதில் விஷயம் இல்லை.

பக்கத்துல யாருன்னே தெரியாது. ரெண்டு மணி நேரம் என்ன பேசுறது?

சாப்பிடும்போது பேசாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது கஷ்டம்தான். இங்கே நேர் எதிர். பேசுவதற்காகத்தான் கூடுகிறார்கள், சாப்பாடு அதற்கு ஒரு சாக்கு. ருசி சுமார் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையும் மீறி ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பக்கத்து நாற்காலிதான். உங்கள் துறையில் யாரும் அறியாத ஒரு கல்வெட்டு ஆய்வாளரோ பூச்சி ஆராய்ச்சிக்காரரோ உட்கார்ந்திருப்பார்.

"நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலில் புரியாத ஒரு சொல்லைப் பிடித்து அதையே அடுத்த கேள்வியாக்குங்கள். அரை மணி நேரம் ஓடிவிடும். ஒரு பக்கமே திரும்பியிருக்காமல் இரு பக்கமும் பேச வேண்டும். இன்னொன்று: நாலு தமிழர்கள் சேர்ந்து போய் ஒரே மூலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதற்கு 15 பவுண்டு அதிகம். அதை அறையில் சாம்பார் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.

கோப்பையில காசு போட்டா முழுசா குடிக்கணும்னு சொல்றாங்களே, நிஜமா?

அதற்குப் பெயர் பென்னியிங். ஒரு பென்னி நாணயத்தை உங்கள் கோப்பையில் போட்டுவிட்டால், நாணயத்தில் உள்ள ராணி மூழ்கிப்போகாமல் காப்பாற்ற நீங்கள் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு. ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்கான்ஸ் என்று வேறொன்று உண்டு. மேசை மரியாதையை மீறியவருக்குத் தண்டனையாக மது. பழைய காலத்தில் அதற்கு ஒழுங்கான விதிகள் இருந்தன, இப்போது பெரும்பாலும் கலாட்டா.

பல கல்லூரிகள் பென்னியிங்கைத் தடை செய்திருக்கின்றன. மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வேறு கோப்பை கேளுங்கள். ஊர் ஊராகக் கைமாறிய செப்புக்காசு ஊறிய ஒயினைக் குடிப்பதில் என்ன பாரம்பரியம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. யாராவது விடாமல் வற்புறுத்தினால் கூடத்தின் பட்லரிடமோ, பிறகு உங்கள் டியூட்டரிடமோ சொல்லுங்கள்.

நடுவுல பாத்ரூம் வந்தா? லேட்டா போனா?

இரண்டுமே தர்மசங்கடம்தான். இரண்டு பிரார்த்தனைகளுக்கு இடையில் எழுந்து போகக் கூடாது என்பது பழைய மரபு, சில கல்லூரிகளில் இன்றும் முகம் சுளிப்பார்கள். போகும் முன்பே போய்விட்டு உட்காருங்கள். உண்மையிலேயே அவசரம், உடம்பு சரியில்லை என்றால் சத்தமில்லாமல் எழுந்து போங்கள், மரபு ஒன்றும் உங்களைப் பிடித்துவைக்காது. முதல் பிரார்த்தனை முடிந்து வந்தால் சில இடங்களில் உள்ளே விடமாட்டார்கள், டிக்கெட் காசும் போகும்.

போட்டோ எடுக்கலாமா?

தொடங்கும் முன் வாசலில், முற்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும். உள்ளே போன் பைக்குள் இருக்கட்டும்.

அப்பா அம்மா ஊர்லேருந்து வர்றாங்க. கூட்டிட்டுப் போகலாமா?

கட்டாயம் கூட்டிப்போங்கள். விருந்தினர் டிக்கெட் எடுத்தால் போதும். விருந்தினருக்குக் கவுன் வேண்டாம். உணவுக் குறிப்பில் அவர்களுக்கும் சேர்த்து மேலே சைவம் பற்றிச் சொன்னபடி எழுதிவிடுங்கள். இரவு ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரை வரை போகலாம், சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

ஹை டேபிள்னா நம்ம ஊர் தனிப்பந்தி மாதிரிதானே? சமத்துவம் பேசுற இடத்துல இது சரியா?

நியாயமான கேள்வி. பழைய வரலாறு இன்னும் மோசம். கேம்பிரிட்ஜில் சைஸர் என்ற ஏழை மாணவர்கள் இருந்தார்கள். கட்டணச் சலுகைக்கு ஈடாக மற்றவர்களுக்கு ஏவல் வேலை செய்து, மேசையில் பரிமாறி, மிச்சத்தைச் சாப்பிட்டவர்கள். நியூட்டன் 1661-ல் டிரினிட்டியில் சேர்ந்தது சப்சைஸராகத்தான். அதே காலத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கூடுதல் பணம் கட்டி ஃபெலோக்களுடன் ஹை டேபிளில் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு இந்த மேசைகளில் மாணவிகளாக இடம் கிடைத்ததே மிக அண்மையில். கேம்பிரிட்ஜின் ஆண்கள் கல்லூரிகளில் முதல் மூன்று 1972-ல்தான் இளநிலை மாணவிகளைச் சேர்த்தன. கடைசியாகச் சேர்த்த மாட்லின் 1988-ல்.

பிறப்பையும் பணத்தையும் வைத்துப் பிரித்த அந்தப் பந்தி போய்விட்டது. பதவியை வைத்துப் பிரிக்கும் பந்தி இருக்கிறது. அதுவும் பிடிக்காதவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். 1960-களில் பிறந்த டார்வின், கிளேர் ஹால், இரு ஊர்களிலும் உள்ள உல்ஃப்சன் கல்லூரிகள் ஆகியவற்றில் ஹை டேபிளே கிடையாது. பேராசிரியர் பக்கத்திலேயே முதல் வருட மாணவர் உட்காரலாம். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உண்ணும் வழக்கம் என்று இதைப் பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தச் சொல் முழுதாகப் பொருந்துவது இந்தக் கல்லூரிகளுக்குத்தான் என்பேன்.

வேற காலேஜ் ஃபார்மலுக்குப் போகலாமா? எது நல்லா இருக்கும்?

அங்கே படிக்கும் ஒருவர் உங்களை விருந்தினராகச் சேர்க்க வேண்டும். பதிலுக்கு நீங்கள் அவரை. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓயாமல் நடக்கும். கேம்பிரிட்ஜில் மட்டும் 31 கல்லூரிகள், எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு அலைகிறவர்களும் உண்டு.

என் தேர்வு கேம்பிரிட்ஜ் மாட்லின். அந்தக் கூடத்தில் மின்விளக்கே கிடையாது, மொத்தமும் மெழுகுவத்தி வெளிச்சம். பிரமாண்டம் பார்க்க வேண்டுமென்றால் எட்டாம் ஹென்றியின் பெரிய ஓவியம் தொங்கும் டிரினிட்டி, ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச். டரம் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரி பழைய கோட்டைக்குள்ளேயே இருக்கிறது, அங்கும் ஃபார்மல் உண்டு.

என் சூப்பர்வைசர் ஹை டேபிளுக்கே கூப்பிட்டிருக்கார். கை நடுங்குது. என்ன செய்யணும்?

மேலே வரிசையாகச் சொன்னதில் ஒரே மாற்றம்: நீங்கள் இப்போது நடந்து வருகிறவர்கள் பக்கம். முதலில் ஃபெலோக்களின் அறையில் கூடி ஏதாவது பானம் அருந்துவார்கள். அங்கிருந்து சேர்ந்து போவீர்கள், எங்கே உட்காருவது என்று அழைத்தவர் காட்டுவார். கவுன் வேண்டுமா, உணவுக் குறிப்பு யாருக்கு அனுப்புவது என்பதை முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள். 'சார்' வேண்டாம். அவர்கள் தங்கள் முதல் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள், அப்படியே கூப்பிடுங்கள். கல்லூரித் தலைவரை மட்டும் மாஸ்டர், வார்டன், பிரின்சிபல், புரோவோஸ்ட் என்று அந்தக் கல்லூரியில் எது வழக்கமோ அப்படி அழைப்பது உண்டு. முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் வேறு அறைக்குக் கூட்டிப்போய்ப் பழம், கொட்டைகள், சாக்லேட், போர்ட் ஒயின் வைப்பது பல கல்லூரிகளில் வழக்கம். அங்கே இடம் மாறி உட்காரச் சொல்வார்கள், அதே ஆளோடு இரண்டாம் முறை மாட்டக் கூடாது என்பதற்காக. போர்ட் பாட்டில் மேசையைச் சுற்றி இடப்பக்கமாக மட்டுமே நகரும். உங்களுக்கு வேண்டாமென்றாலும் நிறுத்தி வைக்காமல் இடப்பக்கத்தவருக்குத் தள்ளிவிடுங்கள். யாராவது உங்களைப் பார்த்து, "நாரிச் பிஷப்பை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டால் அவரைப் பற்றி யோசிக்க வேண்டாம். பாட்டில் உங்களிடம் தேங்கி நிற்கிறது என்பதற்கு அது நாசூக்கான குறிப்பு. மறுநாள் காலை அழைத்தவருக்கு இரண்டு வரியில் நன்றி எழுதி அனுப்பிவிடுங்கள்.